மரம் நிற்கிறது, கன்று எங்கே?

கண்டி வாவிக் கரை

கண்டியில் அலையாத்தி மரம் கிடையாது. கொழும்பிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, சுமார் 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ உட்கார்ந்திருக்கும் ஊர் அது. "சேத்துல வளர்ற மரத்தப் பத்திக் கேக்க மலைக்கா வந்தீங்க?" என்று ஆட்டோக்கார நானா முதல் நாளே சிரித்துவிட்டார். கண்டி முஸ்லிம்களில் மூத்தவரை நானா என்றுதான் அழைக்க வேண்டும் என்பதை விடுதிக்காரர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். அடுத்து வந்த நாட்களிலும் அதே ஆட்டோ, அதே சிரிப்பு.

நான் பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் சுரபுன்னைக் காட்டுக்குள் விசித்திரமான மரம் ஒன்று இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன் 1995இல் அதைத் தனியாக அடையாளம் காட்டி, ரைசோபோரா அன்னமலையானா என்று பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். இரண்டு சுரபுன்னை இனங்கள் தாமாகக் கலந்து பிறந்த பிள்ளை அது. பெற்றோர் இரண்டும் விதையை மரத்திலேயே முளைக்கவிட்டு, முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கவிட்டு, பிறகு சேற்றில் இறக்கிவிடும் இனங்கள். பிள்ளைக்கு அது வாய்க்கவில்லை. பூப்பதில் குறை வைப்பதில்லை. மகரந்தம் பெரும்பாலும் மலடு. காய் பிடிப்பது அபூர்வம். அந்த மரத்தடியில் படகை நிறுத்தி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் கன்று என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒன்றும் தென்பட்டதில்லை. இலங்கையிலும் ஒரு கண்டல் மரம் பிள்ளை பெறத் திணறுகிறது, அதைப் பற்றிப் பேச கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் ஆள் உண்டு என்று தெரிந்தபோது கிளம்பிவிட்டேன். அலையாத்தியை அங்கே கண்டல் என்கிறார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

காலைச் சாப்பாடு வாவிக்குப் பின்தெருவில். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சிவக்கச் சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போடுவார்கள் என்று சொன்னேன். பரிமாறிய பெண் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அதன்பின் கேட்காமலே இரண்டாவது கரண்டி சம்பல் விழுந்தது.

வாவியை வெட்டியது கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வேலை தொடங்கியது 1807இல். பிரித்தானியர் 1815இல் பிடித்து, மறு ஆண்டு வேலூருக்கு நாடு கடத்த, 1832இல் அங்கேயே இறந்த அதே அரசன்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுக்குக் கல்லறை இருப்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. கண்டி அரியணைக்கு நாயக்கர்கள் வந்த கதையும் வாரிசுக் கதைதான். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழிப் பிள்ளையில்லாமல் இறந்தான்; மதுரைப் பக்கத்து நாயக்கர் குடியிலிருந்து வந்த அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறினான். பிரித்தானியரோடு செய்த 1815 ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டதற்கும் அந்தக் காலத்துத் தொடர்பு ஒரு காரணம். தலதா மாளிகைப் புத்தர் கோயிலின் வெள்ளைச் சுவரோரம் தாமரை விற்கும் சிங்களப் பெண்மணி என் தமிழைக் கேட்டதும் விலையைத் தமிழிலேயே சொன்னார். விலை குறையவில்லை.

உடவத்த கெலே

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் மேட்டில், ஊரின் தலைக்கு மேலேயே ஒரு காடு. 104 ஹெக்டேர். 1856இல் ஒதுக்குக் காடாக்கி, 1938இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கீழே பேருந்து ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும்; மேலே நடந்தால் பத்து நிமிடத்தில் இருட்டு. மர உச்சியில் குரங்குகள், குளத்தோரம் மரத்துக்கு மரம் தாவிக்கிடக்கும் ராட்சதக் கொடி, பாறைக் குகைகளில் தனித்திருக்கும் பிக்குகள். வருபவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். என் வேலை தரையில் இருந்ததால் குனிந்து நடந்தேன். அட்டைகளுக்கும் அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

தரை முழுக்கப் பச்சை. கணுக்கால் உயரம், முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று கன்றுகள் அடர்ந்து நின்றன. முதலில் மனம் குளிர்ந்தது: நகரத்து நடுவில் இவ்வளவு தழைக்கிற காடா! பிறகு இலைகளைக் கவனித்தேன். எல்லாம் ஒரே இலை. காவலர் ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். பாதி தமிழ், பாதி சிங்களம், மீதி கை அசைவு. "பால்சம். எல்லாம் பால்சம்தான்."

மைராக்சிலான் பால்சாமம் தென் அமெரிக்க மரம். மருந்துக்கும் வாசனைக்கும் பயன்படும் பிசினுக்காக 19ஆம் நூற்றாண்டில் தாவரத் தோட்டங்கள் வழியே இலங்கைக்குள் வந்தது. ஒற்றை விதை, அதற்கு ஒரு நீண்ட இறக்கை. காற்று அடித்தால் சுழன்று சுழன்று தள்ளிப் போய் விழும். விழுந்த இடம் நிழலாக இருந்தாலும் முளைத்து, நிழலிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த அன்று மற்றவற்றை முந்திக்கொண்டு எழும். உள்ளூர் மரங்களுக்கு, கெக்குண, காட்டு ஈரப்பலா போன்றவற்றுக்கு, இந்த வேகம் கிடையாது. கொட்டையைப் பறவையோ விலங்கோ தூக்கிப் போக வேண்டும். போட்ட இடத்தில் இடம் இருக்க வேண்டும். இடம்தான் இல்லை.

"பிடுங்குறது. மழை வந்தா மறுபடி வாறது" என்றார் காவலர். பெரிய கெக்குண மரத்தடிக்கு அழைத்துப் போனார். பலகைபோல் விரிந்த வேர்கள். நான்கு பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்கலாம். அதன் காலடியில் நூற்றுக்கணக்கில் கன்றுகள். அவற்றில் அதன் சொந்தக் கன்றைத் தேட எங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. ஒன்றே ஒன்று கிடைத்தது, அதிலும் பாதி இலையைப் பூச்சி தின்றிருந்தது.

பிச்சாவரத்து மரம் உள்ளுக்குள்ளேயே மலடு. இந்தக் கெக்குணவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை; காய்க்கிறது, விதை முளைக்கும். வந்தேறி மரத்தின் கூட்டத்தில் அதன் பிள்ளைகள் அமுங்கிப்போகின்றன. படம் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே ஆரோக்கியமான பெரிய மரங்கள். இரண்டையும் கணக்கெடுப்பில் 'உள்ளது' என்றுதான் எழுதுவோம். கணக்கெடுக்கும் காகிதத்தில் கன்றுக்கு ஒரு கட்டம் போடாதவரை இந்தக் கணக்கு பொய்க்கணக்கு என்று எனக்கு அங்கே தோன்றியது. அந்த எண்ணம் பயணம் முழுவதும் கூடவே வந்தது.

பேராதனைப் பூங்கா

மகாவலி கங்கை ஒரு கொண்டையூசி வளைவு வளைந்து மூன்று பக்கமும் காவல் இருக்க, நடுவே சுமார் 147 ஏக்கர் தோட்டம். 1821இல் அலெக்சாண்டர் மூன் இங்கே தோட்டத்தை நிறுவினார். மூன்று ஆண்டுகளில் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். அதற்கடுத்த ஆண்டு இறந்தும் போனார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கிருந்துதான் இயங்கியது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் கல்யாணப் படமெடுக்கும் ஜோடிகளும் ஆள்கிறார்கள். மேலே பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி, பட்டப்பகலில் சண்டை போடுகின்றன.

பனைமரச் சாலை ஒன்றைப் பார்த்ததும் கால் நின்றது. வரிசையாக நம் பனை, நேர்கோட்டில், வெட்டிவிட்ட புல்தரைக்கு நடுவே. பனை இவ்வளவு சுத்தமான இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அதற்கே கொஞ்சம் கூச்சமாக இருப்பதுபோல் பட்டது.

அதன் உறவுக்காரர் கொஞ்ச தூரத்தில். இரட்டைத் தேங்காய். பனை பிறந்த அதே பெருங்குலத்தில் பிறந்தது. செஷெல்ஸ் நாட்டின் பிரலின், கியூரியூஸ் என்ற இரண்டு தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதது. பனைபோலவே ஆண் வேறு, பெண் வேறு. நம் பனங்காட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை: ஆயிரம் மரங்களில் பாதி ஆண், பாதி பெண்; மகரந்தம் தானாகப் போய்ச் சேரும். ஒரு தோட்டத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய மரங்கள் மட்டும் நிற்கும்போது கதை மாறுகிறது. பெண் மரம் பூக்கவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகலாம். பூத்த சமயத்தில் ஆணும் பூத்திருக்க வேண்டும். காய் பிடித்தால் முற்ற ஆறேழு ஆண்டு. முற்றிய விதைதான் தாவர உலகத்திலேயே பெரியது, எடை இருபத்தைந்து கிலோ வரை போகும். அந்த எடையே அதற்குப் பகை. புதுக்காய் கடலில் மிதக்காது. இன்னொரு தீவுக்குப் போய் முளைத்து இனம் பெருக்க வழியில்லை. கரையொதுங்கிய காய்கள் எல்லாம் உள்ளே செத்துக் காலியானவை. அவற்றைக் கண்டுதான் பழங்காலத்து மாலுமிகள் கடலுக்கடியில் தென்னந்தோப்பு இருப்பதாகக் கதை கட்டினார்கள்.

மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த தொழிலாளி மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டத்திலிருந்து பூங்கா வேலைக்கு வந்தவர். "இது நம்ம கையாலதான் ஐயா ஆகணும்" என்றார். ஆண் பூவின் தூளை எடுத்துப் பெண் பூவில் தடவுவதை விளக்குமாற்றை வைத்தே நடித்துக் காட்டினார். கொல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரத் தோட்டத்தில் இதே இனம் ஒற்றை மரமாக நின்றது. 1894இல் ஊன்றியது, பெண். துணையே கிடையாது. இலங்கையிலிருந்து மகரந்தம் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு 2013இல் தாய்லாந்து மகரந்தம் வந்து காய் பிடித்தது. நூறு ஆண்டைத் தாண்டிய மரத்துக்கு விமானத்தில் மாப்பிள்ளை வந்த கதையைச் சொன்னதும் அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம மாப்பிள்ள சரியில்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?"

அங்கிருந்து தாளிப்பனைகள் நிற்கும் பக்கம் போனேன். முப்பது முதல் எண்பது ஆண்டு வரை சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே தடவை உச்சியில் பூவாகக் கொட்டிவிட்டுச் செத்துப்போகிற மரம். காய் லட்சக்கணக்கில். அதற்கு இனப்பெருக்கக் கவலை இல்லை, அதனால் எனக்கும் அங்கே வேலை இல்லை.

பல்கலைக்கழகத்து உணவகம்

பூங்காவைக் கடந்தால் பேராதனைப் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இங்கே குடிவந்தது. மலைச்சரிவு முழுக்கக் கட்டடங்கள், கட்டடங்களுக்கு நடுவே மழைமரங்கள். நான் தேடி வந்த பெண் தாவரவியல் ஆய்வு மாணவி, மட்டக்களப்புக்காரி. களப்பின் கரையில் பிறந்து வளர்ந்ததால் கண்டல் அவளுக்குப் பாடமாகும் முன்பே விளையாட்டிடமாக இருந்திருக்கிறது. மீன் பணிஸும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அண்ணா, நீங்கள் கேட்ட மரம் இதுதான்" என்று கைப்பேசியில் படம் காட்டினாள். லும்னிட்செரா லிட்டோரியா. கிளை நுனியில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. கண்டல் காட்டில் இவ்வளவு அடித்துச் சொல்லும் சிவப்பை நான் பார்த்ததே இல்லை. பிச்சாவரத்தில் இதன் தம்பி உண்டு, லும்னிட்செரா ரேசிமோசா. பூ வெள்ளை, பெருக்கத்தில் பெரிய பிரச்சினை இல்லை. கடுக்காயும் தான்றியும் மருதும் இவற்றின் பங்காளிகள். தென்கிழக்காசியாவில் சிவப்பு மரம் ஏராளம். உலகப் பட்டியலில் அது கவலைக்குரிய இனம் அல்ல. "எங்கட நாட்டுப் பட்டியலில் மட்டும் மிக ஆபத்தான நிலையில கிடக்கு. பலப்பிட்டிப் பக்கம் மாது கங்கை இருக்குதெல்லோ, அங்கதான்." மாது கங்கைக் கழிமுகம் 2003இல் ராம்சார் ஈரநிலம் ஆனது. சுற்றுலாப் படகுகள் தீவுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும் இடம்.

வெட்டுகிறார்களா என்று கேட்டேன். எந்த மரத்தைப் பற்றிப் பேசினாலும் நமக்கு முதலில் வரும் கேள்வி அது.

"வெட்டுறது ஒரு பக்கம். ஒருவரும் வெட்டாட்டிலும் இது தன்பாட்டில குறையும்" என்றாள். பிறகு சொன்னதை என் மொழியில் தருகிறேன். சிவப்புப் பூ பறவைக்காக. தேன்சிட்டு போன்றவை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு மகரந்தத்தைச் சுமக்க வேண்டும். மரங்கள் குறைந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும்போது பறவை ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றிக் குடித்துவிட்டுப் போய்விடும். தன் மகரந்தமே தனக்கு விழும். அல்லது பக்கத்தில் நிற்கும் உடன்பிறப்பின் மகரந்தம். காய் பிடிக்கும், பார்வைக்குக் குலுங்கும். உடைத்துப் பார்த்தால் பலவற்றில் கரு இருக்காது. சீனாவின் ஹைனான் தீவில் இதே இனம் சில நூறு மரங்களாகச் சுருங்கியிருக்கிறது. அங்கே ஆராய்ந்தவர்களும் காலி விதைகளையும் பூச்சி துளைத்த விதைகளையும்தான் குவியலாகக் கண்டார்கள். தப்பிய விதை சுரபுன்னைபோல் தாய்மரத்தில் முளைத்துத் தயாராக வருவதில்லை. சின்னக் காயாக மிதந்து போகிறது. ஒதுங்கும் இடத்தில் உப்பு அளவாக, நிழல் குறைவாக, வெள்ளம் நாள் முழுக்க நிற்காமல் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால் ஒரு கன்று.

"அப்ப பிடுங்கி வந்து நட்டா?"

இந்தக் கேள்வியைக் கேட்டது பக்கத்து மேசையில் பணிஸ் தின்றுகொண்டிருந்த இன்னொரு மாணவன். அவள் அவனைப் பார்த்த பார்வையில் இந்த விவாதம் அவர்களுக்குள் பழையது என்று புரிந்தது. இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் நடுவது ஒரு திருவிழாவாகவே நடந்தது. தீவைச் சுற்றி அப்படி நட்ட இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மாத்தறையின் ருகுண பல்கலைக்கழகத்தார் பங்குகொண்டது, ஒரு கணக்குச் சொன்னது. முயன்ற பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேர். தேறியது 200 முதல் 220. பார்த்த 23 திட்ட இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. கையில் எளிதாகக் கிடைக்கும் சுரபுன்னை முளையை, அது நிற்க முடியாத ஆழத்திலும், அது இயல்பாக வளராத இடத்திலும் வரிசையாகக் குத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் எங்கள் கதையைச் சொன்னேன். பிச்சாவரத்தில் பழைய காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகெடுத்தார்கள். மொட்டையடித்த நிலம் வெயிலில் காய்ந்து உள்வாங்கித் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி, சுண்டி, உப்பு ஏறியது. எவ்வளவு விதை விழுந்தாலும் கருகியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் செய்தது நடவுக்கு முன்னால் ஒரு வேலை: மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். அதன்பின் பச்சை திரும்பியது.

"அதுக்குத்தான் அண்ணா சொல்றன்" என்றாள் அவள், அந்த மாணவன் பக்கம் திரும்பி. "மரத்தைத் திருத்த வேண்டாம், தண்ணியைத் திருத்தினால் போதும் எண்டு."

"உங்கட சிவப்பு மரத்துக்கு?" என்று அவன் விடவில்லை. அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள். தள்ளித் தள்ளி நிற்கும் மரங்களின் மகரந்தத்தைக் கையால் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கரு உள்ள விதையைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்க்கலாம். வேறு இடத்து மரங்களின் விதையைக் கலக்கலாமா என்பது பெரிய சண்டை. இரட்டைத் தேங்காய்க்குச் செய்கிற அதே வேலைதான், படகில் ஏறி, சேற்றில் இறங்கி, கிளை கிளையாகச் செய்ய வேண்டும்.

என் பிச்சாவரத்து மரத்துக்கு அந்த வழியும் இல்லை. அதன் ஒவ்வொரு மரமும் பெரும்பாலும் பெற்றோர் இரண்டும் புதிதாகக் கலந்து பிறந்த முதல் தலைமுறை. அதைக் காப்பாற்ற ஒரே வழி தாய் தந்தை இனங்கள் இரண்டும் அக்கம்பக்கமாக நிறைய நிற்பது. அவளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்த மரத்தை விட்டுட்டு மற்ற ரெண்டையும் பாருங்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பத்து ஆண்டாக நான் அந்த ஒற்றை மரத்தையே சுற்றி வந்திருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஹந்தானை

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் எழும் மலை ஹந்தானை. ஆட்டோ முனகிக்கொண்டு ஏறியது. வழியில் ஒரு தேயிலை நர்சரி. கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே, மண் நிரப்பிய பாலிதீன் குழல்களில் ஆயிரக்கணக்கான ஒற்றை இலைகள். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, வயது அறுபதுக்கு மேல், "வாங்க தம்பி, இந்தியாவா?" என்றார். அவருடைய பாட்டனாரை எங்கள் பக்கத்திலிருந்துதான் கங்காணி கூட்டி வந்தாராம், ஊர்ப் பெயர் மறந்துவிட்டது.

ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு கணு, ஓர் இலை, விரலளவு தண்டு. "இது வீப்பி. அப்படியே செருகிட்டா ஒரு வருசத்துல கன்னு." விதையில்லாமல் வெட்டுத்துண்டில் வளர்க்கும் தேயிலையை மலையகம் முழுக்க வீப்பி என்றே சொல்கிறார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய காலத்துத் தேயிலை விதையிலிருந்து வந்தது. பிறகு தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல செடியைத் தேர்ந்தெடுத்து அதன் துண்டுகளையே பெருக்கச் சொன்னார்கள். இன்று ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே செடியின் நகல்கள் நிற்பது சாதாரணம்.

"பூத்தா என்ன பண்ணுவீங்க?"

"பூக்க எங்க வுடுறோம்? வாரா வாரம் கொழுந்து கிள்ளுறோம்ல. பூத்தா கொழுந்து கொறஞ்சு போயிரும்."

இலங்கையிலேயே அதிகமாகப் பெருகிய செடிகளில் ஒன்றுக்குப் பூவும் விதையும் தேவையற்ற செலவாகிவிட்டது. இந்த முரணை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் கவலை வேறு: இந்த வருசம் மழை தாமதம், துண்டுகளில் கால்வாசி வேர் விடவில்லை, துரை கணக்குக் கேட்கப் போகிறார்.

இன்னும் மேலே பைன் காடு. புல்வெளியாகக் கிடந்த சரிவுகளில் வனத்துறை வளர்த்த கரிபியன் பைன். தரையில் ஊசியிலை மெத்தை, பறவைச் சத்தம் குறைவு. இதைப் பார்த்ததும் உடவத்தவின் பால்சம் ஞாபகத்தில் எரிச்சல் வந்தது. ஆனால் பேராதனையின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியும் அவர்களோடு இணைந்தவர்களும் சிங்கராஜக் காட்டோரத்தில் செய்த சோதனை வேறு விதமாகப் போகிறது. பைன் வரிசைகளில் சிலவற்றை வெட்டி வெளிச்சத்துக்கு இடைவெளி விட்டு, அந்த நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் உள்ளூர் மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை வைத்தார்கள். மூன்று வரிசையளவு திறந்த இடங்களில் நன்றாக வளர்ந்தன. வந்தேறி மரம் செவிலித்தாய் ஆனது. எல்லா வெளியூர் மரத்தையும் ஒரே கோலால் அடிக்கிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இந்தச் சோதனையைப் படிக்க வேண்டும்.

மேட்டிலிருந்து பார்த்தால் கண்டி முழுதும் தெரிகிறது. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம். இத்தனை மேலிருந்து இத்தனை பச்சையைப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் தலை சுற்றியது. நானா ஆட்டோவுக்குள்ளேயே தூங்கிவிட்டிருந்தார்.

பொல்கொல்லை

நகரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் மகாவலியின் குறுக்கே ஒரு தடுப்பணை. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. கதவுகள், இயந்திர அறை, வேலி. ஆனால் என் பயணத்தில் கடலுக்கு மிகப் பக்கத்தில் நின்ற இடம் இதுதான் என்பேன். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழும் ஆறு. 1976 முதல் இந்தத் தடுப்பணை ஆற்றின் ஒரு பங்கை மறித்து, மலையைக் குடைந்த எட்டு கிலோமீட்டர் சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்த நீரில் ஒரு பகுதி பிறகு வடமத்தியின் குளங்களுக்கும் கலா வாவிக்கும் போய், வயல் தாண்டி, கலா ஓயா வழியாக மேற்குக் கடலை அடைகிறது. கலா ஓயாவின் கழிமுகத்தில் இலங்கையின் பெரிய கண்டற்காடுகளில் ஒன்று இருக்கிறது. கிழக்குக்கு இறங்க வேண்டிய ஆற்றில் ஒரு கை மேற்கே நீட்டப்பட்டிருக்கிறது. கண்டலுக்குக் கடல்நீர் மட்டும் போதாது, நன்னீர் கலந்து உப்பு அளவாக வேண்டும். முளைக்கும் பருவத்தில் இன்னும் அதிகமாக வேண்டும். அந்த அளவை நிர்ணயிக்கும் கதவு கண்டியில், மலைமேல், கண்டலே இல்லாத ஊரில் இருக்கிறது.

எங்களுக்கு மேட்டூர். 1934க்குப் பிறகு கொள்ளிடத்தில் வரும் நீர் ஆண்டுக்காண்டு மாறிப்போய், பிச்சாவரத்தில் நன்னீர் விரும்பும் கண்டல் வகைகள் அருகிவிட்டன; உப்பைப் பொறுக்கும் வெண்கண்டல் பரவிவிட்டது. கதவு திறக்கிற பொறியாளர் நெல்லைக் கணக்குப் பார்ப்பார், மின்சாரத்தைக் கணக்குப் பார்ப்பார். கழிமுகத்துக் கன்றுக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி அவருடைய பதிவேட்டில் இருந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. நெல்லுக்கு விடாதே என்று சொல்ல நான் யார்? டெல்டாக்காரன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கடைமடைக்கும் கீழே ஒரு மடை இருக்கிறது என்பதையாவது எழுதி வைக்கலாம்.

தடுப்பணைக்கு எதிரில் தேநீர்க்கடை. கடலை வடை, பிளேன்டீ, பக்கத்தில் ஒரு கட்டி கித்துள் வெல்லம் கடித்துக்கொள்ள. இந்தக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நானாவுக்கு திடீரென்று ஒரு யோசனை. அவர் மச்சான் மூதூரில் நண்டு பிடிக்கிறவர். உடனே கைப்பேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். குசலம் முடிய ஐந்து நிமிடம், மகள் கல்யாணம் பற்றி இன்னொரு ஐந்து நிமிடம்.

"மச்சான், இங்க இந்தியாவிலருந்து ஒரு தம்பி வந்தீக்கிறார். ஒங்கட ஊர்க் கண்டல் காட்டுல கன்னு ஈக்கான்னு கேக்குறார்."

"என்ன கன்னு? மாட்டுக் கன்னா?"

"மரக்கன்னுடா!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "பெரிய மரம் கெடக்கு, நண்டுக்கு அதுக்குக் கீழதான் போறம். கன்னு மழைக்குப் பொறகு நல்லா மொளைக்கும், கால் வைக்க எடம் இரிக்காது. பொறகு எருமைய அவுத்து விடுறானுகள், ஒரு கெழமையில மொத்தத்தையும் மேஞ்சிட்டுப் போயிரும். கேட்டா, புல்லுக்கு எங்க போறது எண்டு எங்களயே ஏசுறானுகள். ஆமா, தம்பி என்ன, வனத்துறையா? அப்படி எண்டா அந்த எருமைக்காரன்ட நம்பர் தாறன், நீங்களே பேசிப் பாருங்க."